நிழல் இல்லாத மல்லிகை

அவனைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அவன் மதுரையை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் என் மனைவி சோறு போடும்போது, "அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரு?" என்று சும்மா கேட்பாள். உடனே பற்றிக்கொள்ளும். எனக்கென்ன தெரியும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவேன். அவள் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றுவாள்.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் யாராவது, "அடடே, அவரா? தங்கமான ஆளாச்சே" என்று ஆரம்பிப்பார்கள். அதையும் நான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

மதுரையில் துணிக்கடை, கல்யாண மண்டபம், பல் டாக்டர் என்று எல்லோருக்கும் திடீரென்று வெப்சைட் ஆசை வந்த காலம் அது. பழங்காநத்தத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். படம் செய்வது என் வேலை. அந்தப் படத்தைப் பக்கத்தில் ஏற்றி, பார்க்கிறவர்களின் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரிய வைப்பது அவன் வேலை. முதலாளி எங்களைக் கை என்றும் கண் என்றும் சொல்வார். எது கை, எது கண் என்று அவர் சொன்னதில்லை. கண் அவன்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

அடக்கமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும். கஞ்சி போட்ட சட்டை. படியேறி வந்ததும் வாசல் கண்ணாடியில் தலையை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவான். மகால் பக்கம் வீடு, அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். அம்மா போன் செய்தால் சௌராஷ்டிரத்தில் மளமளவென்று பேசுவான். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரிப்பான். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறான் என்று எனக்குத் தோன்றும். பிறகு தெரிந்தது, "அம்மா உனக்கு அம்மணி கொழுக்கட்டை குடுத்து விடுறாங்களாம்" என்பதுதான் அந்தச் சிரிப்பு. கொழுக்கட்டை நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

எந்த வேலையில் ஜெயித்தாலும் கையை நீட்டுவான். "கை குடு மாப்ள" என்பான். ஜெயித்தவன் அவன், கை கொடுக்க வேண்டியவன் நான். நீட்டிய கையை எவ்வளவு நேரம் அந்தரத்தில் விடுவது? கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அவனிடம் ஒரு பைத்தியம் இருந்தது. எதைப் பார்த்தாலும் கடைசி ஆளின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பான். முதலாளி மகள் கல்யாணத்தில் எங்களுக்கு முன் பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். இவன் எழுந்து கடைசி வரிசையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே அப்பளம் வருகிறதா, பாயசம் வரும்போது சூடு இருக்கிறதா என்று பார்த்தான். வரவில்லை. சமையற்காரரிடம் போய்ச் சொல்லி வர வைத்தான். அந்தக் கல்யாணத்தைப் பற்றி முதலாளி இன்றைக்கும் சொல்வது அந்தப் பாயசத்தைத்தான். பத்திரிகை அட்டையிலிருந்து மண்டப வாசல் பேனர் வரைக்கும் வரைந்து கொடுத்தவன் நான். அதை யாரும் சொல்வதில்லை.

ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தபோதும் இதே கூத்து. கணக்கு எழுதும் அக்கா ஓரத்தில் மறைகிறார் என்று எல்லோரையும் கலைத்து, குட்டை நெட்டை பார்த்து மறுபடி நிற்க வைத்தான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுவி வந்த படத்தைப் பார்த்தால், இவன் நட்ட நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இவன் தோளுக்குப் பின்னால் என் முகம் பாதிதான் தெரிகிறது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார்கள்.

வேலையில் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு துணை வேறு. பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரைத் தூசி தட்டித் தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அதில் காலாவதியான பழைய பிரௌசர். அதற்கு 'பெருசு' என்று பேர் வைத்திருந்தான். நாங்கள் எந்தப் பக்கத்தைச் செய்து முடித்தாலும், "பெருசு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று அதில் திறப்பான். பெருசு லேசில் ஒத்துக்கொள்ளாது. என் படங்களைக் கண்டால் அதற்கு ஆகவே ஆகாது.

விஷயம் இதுதான். பூவோ பொம்மையோ, பின்னால் இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு அது மட்டும் தனியாக நிற்கிற மாதிரி படம் செய்வேன். புதிய பிரௌசரில் பூ மட்டும் அழகாகத் தெரியும். பழைய பிரௌசரில் நான் வெட்டிவிட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டமாக வந்து நிற்கும். மதுரையில் பாதி பிரௌசிங் சென்டரில் அந்தப் பழசுதான் இருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் அந்தச் சென்டர்களில் உட்கார்ந்து எங்கள் பக்கங்களைப் பார்த்துவிட்டு வருவான். திங்கட்கிழமை வந்து, "மாப்ள, மேலூர்ல உன் குத்துவிளக்கு சிலேட்டுல வரஞ்ச மாதிரி இருக்கு" என்பான். நான் போய்ப் பார்க்கச் சொன்னேனா? போகாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

என் அம்மாவைக்கூட அவன் விட்டு வைக்கவில்லை. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். இடது காது சரியாகக் கேட்காது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வந்தவன், கொஞ்ச நேரம் பார்த்தான், நாற்காலியைத் தூக்கி அம்மாவுக்கு வலது பக்கம் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அம்மா ஒரு தடவைகூட 'என்ன?' என்று கேட்கவில்லை. அவன் போன பிறகு, "நீ ஏன்டா எங்கிட்டக் கத்திக்கிட்டே இருக்க?" என்று என்னைக் கேட்டார். பெற்ற பிள்ளை நான். அத்தனை வருஷமும் இடது பக்கம் நின்று கத்தியிருக்கிறேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு!

இத்தனைக்கும் நடுவில் நான் ஒரே ஒரு தரம் அவனை ஜெயித்தேன். அது மல்லிகையில்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மல்லி அனுப்பும் வியாபாரி ஒருவர் வெப்சைட் வேண்டுமென்று வந்தார். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரம் வாங்கி, படம் எடுத்து, ஒவ்வொரு மொட்டாக ஓரம் வெட்டி எடுத்தேன். வாழையிலைப் பச்சையில் பக்கம். அதன் மேல் வளைந்து கிடக்கிற மல்லிச்சரம். சரத்துக்குக் கீழே மெல்லிசாக ஒரு நிழல். அந்த நிழலுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். நிழல் இருந்ததால்தான் பூ பச்சையில் ஒட்டாமல் மிதந்த மாதிரி இருந்தது. நான் செய்த படங்களிலேயே அதுதான் படம்.

பெருசு அதையும் கட்டம் கட்டியது. நிழல் இருந்தால் அப்படித்தான் வரும், நிழலை எடுத்துவிடு, பூவின் ஓரத்தில் பச்சையைப் பூசிப் பழைய வகைப் படமாகப் போடுகிறேன் என்றான் அவன். முடியாது என்றேன். முதலாளி வரைக்கும் பஞ்சாயத்து போனது. வியாபாரி என் மானிட்டரில் பார்த்துவிட்டு, "கையில எடுத்துரலாம் போல இருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டார். முதலாளி என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நிழலோடு மல்லி ஏறியது. அன்றைக்கு நான் அவனிடம் கையை நீட்டினேன். "கை குடு மாப்ள" என்றேன். பளிச்சென்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். கொஞ்சம் முகம் வாடியிருந்தால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு?

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் திருமங்கலத்தில் பெண் பார்த்தார்கள். அதற்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் என் வேலை புரியாமலேயே கைவிட்டுப் போயிருந்தன. இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பாள். பேசச் சொல்லி எங்களைத் தனியாக விட்டபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: நீங்க என்ன படம் போடுவீங்க? 'பூ' என்றேன். வேறொன்றும் வரவில்லை வாயில். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பா கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டுப் பழக்கம். என் அம்மாவிடம் சொன்னார்:

"டீச்சரம்மா, தம்பி என்ன வேலை பாக்குறாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல. எங்க ஊரு பிரௌசிங் சென்டர்ல அவரு போட்டதப் பாத்துட்டுச் சொல்றோம்."

சனிக்கிழமை பார்ப்பதாகப் பேச்சு. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு மல்லி வெப்சைட் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இதை அவனிடம் பெருமையாகச் சொன்னேன். என் நிழல் எனக்குப் பெண் வாங்கித் தரப்போகிறது என்கிற மாதிரி. அவன் எந்தச் சென்டர் என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது என்றேன். சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அவன் செல்லிலிருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது.

"மாப்ள, திருமங்கலத்துல இருக்கேன். உன் பூவுக்குப் பின்னாடி சிமெண்டுப் பலக நிக்குது. கல்லறையில போட்ட பூ மாதிரி இருக்குடா."

எனக்கு வீம்பு விடவில்லை. நல்ல பிரௌசர் வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று கத்தினேன். அவன் கத்தவில்லை.

"உங்க மாமா வந்து பிரௌசரு மாத்துவாரா? நெழல் போனாப் போகட்டும்டா. பூ நிக்கணும்ல?"

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் கையாலேயே என் நிழலை அழித்தேன். அவன் சொன்ன மாதிரி ஓரத்தில் பச்சையைப் பூசினேன், பழைய வகையில் சேமித்தேன், ஏற்றினேன். அவன் அங்கே திறந்து பார்த்தான். கட்டம் போய்விட்டது, ஆனால் மொட்டின் ஓரமெல்லாம் கறுப்புத் தட்டுகிறது என்றான். வாடின பூ மாதிரி இருக்கிறதாம். நேற்றுப் பூவைக் காட்டியா பெண் கேட்பாய் என்றான். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த நிழலையும் சுரண்டி எடுத்தேன். மறுபடி ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றான். என் வாழ்க்கை திருமங்கலத்தில் ஒரு பழைய மானிட்டரில் இருந்தது. அதைப் பார்க்கிற கண் அவனுடையது. அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும் வயிறு எரிய?

"இப்ப நிக்குது மாப்ள. அம்புட்டு அழகா நிக்குது. கை குடு" என்றான் போனில். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வந்தது அவளும் அவள் அப்பாவும். சனிக்கிழமை திருமங்கலத்தில் மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்ததாம். அதனால் முந்தின நாளே கிளம்பி வந்துவிட்டார்கள். சென்டரில் எல்லா இடத்திலும் ஆள். இவன் எழுந்து இடம் கொடுத்திருக்கிறான். கைக்குட்டையை எடுத்து மானிட்டரைத் துடைத்துவிட்டு அவளை உட்கார வைத்திருக்கிறான். அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, முகவரியை வாங்கி அவனே அடித்துத் திறந்தும் காட்டியிருக்கிறான். அவர்கள் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பச்சைப் பக்கத்தில் மல்லி வந்து நின்றதும் முன்பின் தெரியாதவன் மாதிரி சொன்னானாம்:

"யாருங்கய்யா இது போட்டது? நல்ல கைங்கய்யா. இந்த மாதிரி ஆளு மதுரையில ரெண்டு பேரு இருந்தா அதிகம்."

அப்பாவுக்கு அது போதும். சொந்தக்காரன் சொன்னால் சந்தேகப்படுவார், வழியில் போகிறவன் சொன்னால் நம்புவார். அன்று சாயங்காலமே அம்மாவுக்குப் போன் வந்தது. சம்மதம்.

இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை வந்து எப்போதும் போல வாசல் கண்ணாடியில் தலையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான். கல்யாணத்தில்தான் வெளியே வந்தது. பிரியாணி கடைசிப் பந்திக்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றவனை மாமனார் அடையாளம் கண்டுவிட்டார்.

"நீங்க அந்தப் பிரௌசிங் சென்டர் தம்பில்ல?"

மண்டபமே சிரித்தது. அவன் அங்கேயே கதையை விரித்து, நடித்துக் காட்டி, கைதட்டு வாங்கினான். மேடையில் என் பக்கத்தில் நின்ற என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணப் படங்களில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே படம் அதுதான். அதில் அவள் பார்ப்பது என்னை அல்ல.

அந்தத் திங்கட்கிழமையே நிழலைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும் என்றுதான், அழித்தபோது நினைத்திருந்தேன். முடியவில்லை. மாமனார் சும்மா இருந்தால்தானே? அத்தை, சித்தப்பா, சர்ச் பெரியவர்கள் என்று ஒவ்வொருவராக அதே சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய், "எங்க மாப்பிள்ளை போட்டது" என்று காட்டிக்கொண்டே இருந்தார். என்றைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவார் என்று எனக்கென்ன தெரியும்? அப்படியே விட்டுவிட்டேன். அந்த வியாபாரி கடையை மூடுகிற வரைக்கும் நிழல் இல்லாத மல்லிதான் என் பேரில் உலகத்துக்குத் தெரிந்தது.

அவன் பிறகு பெங்களூருக்குப் போனான். பஸ் ஏற்றிவிட மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தேன். நல்ல சீட்டுகள் காலியாக இருக்க, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக, "இங்கதான்டா குலுங்கும். குலுங்குதான்னு பாக்கணும்ல?" என்றான். கையை நீட்டினான். கொடுத்தேன். கொஞ்ச நாள் போன் பேசினான். அப்புறம் அவன் நம்பரும் மாறியது, என் நம்பரும் மாறியது. பெருசையும் முதலாளி ஒரு நாள் எடைக்குப் போட்டுவிட்டார். பழைய பிரௌசரெல்லாம் ஒழிந்தது. எந்தப் படத்தையும் எந்த நிழலோடும் போடலாம் என்கிற காலம் வந்தது. இனி என்னைத் தடுக்க ஆளில்லை.

போன மாதம் வீட்டுக்குப் புது லேப்டாப் வாங்கினேன். பழைய சிடிகளைக் கிளறியதில் மல்லியின் மூலப்படம் கிடைத்தது. நிழலோடு, ஒரு மொட்டுக் குறையாமல். திரையில் பெரிதாக வைத்து, அடுக்களையிலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டேன். நான் நிஜமாகச் செய்தது இதுதான், நீ அன்றைக்குப் பார்த்தது பாதிதான் என்றேன். இவ்வளவு வருஷம் கழித்து இப்போதாவது பார்க்கப்போகிறாளே என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அதே பூவு" என்றாள். இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து, சரத்துக்குக் கீழே, என் நிழல் இருந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

"அன்னைக்கு அந்த அண்ணன் தொடச்சு விட்டாரு, பளிச்சுன்னு இருந்துச்சு" என்றாள். "இது என்னங்க, போகவே மாட்டேங்குது?"

அவள் முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள்.